வன்னியில் கதை தேடிப் போவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் வன்னியில் பழங்கதை சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுத விரும்பும் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்கிற கேள்விகள் இவை.

புத்தகத்திலும் போனிலும் ஆயிரம் கதை கிடைக்கிறது. கதைக்காக வன்னிக்கு ஏன் போக வேண்டும்?

கொழுக்கட்டைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மருமகன், பெயர் மறந்துவிடக் கூடாதென்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறான். வழியில் ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று பாய்கிறான். அதன்பிறகு வாயில் அதுதான் வருகிறது. வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா அவித்துத் தா என்று கேட்கிறான், பெண்சாதிக்கு விளங்கவில்லை, அடித்துவிடுகிறான். கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே என்று யாரோ சொல்ல, தொலைந்த பெயர் திரும்பி வருகிறது.

தமிழ் பேசும் ஊர்கள் பலவற்றில் இந்தக் கதை உண்டு. அச்சில் அது வெறும் "பள்ளம்". சொல்கிறவர் கமக்காரர் என்றால் அது ஐந்தாம் வாய்க்கால் ஆகலாம், குளம் நிரம்பி வான் பாயும் குளக்கட்டு ஆகலாம். எவ்வளவு அகலம், எந்தக் காலை முதலில் வைத்தான் என்பதைக் கையால் காட்டிச் சொல்வார். கதைக்குள் சொல்பவரின் ஊர்ப்பாதை ஓடுகிறது. அந்தப் பாதையில் நீங்களும் ஒருமுறை நடந்திருந்தால்தான் அதைப் பிடிக்க முடியும். பயணம் தேவைப்படுவது இதற்காகத்தான்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

தை நடுப்பகுதி தொடங்கி மாசி முடியும் வரை என்பது எங்கள் பதில். ஆனால் காரணம் தெரியாமல் மாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஏமாற்றந்தான்.

வன்னியின் பெரும்போகம் காலபோகம். ஐப்பசி மழையோடு விதைத்து மாசி, பங்குனியில் வெட்டுவார்கள். கதிர் முற்றத் தொடங்கியதும் பன்றிக்கும் யானைக்கும் இராக்காவல் வேண்டும். காவற்கொட்டிலில் நெருப்புமூட்டி விழித்திருக்கும் அந்த இரவுகள்தான் கதைக்கு மிச்சமிருக்கும் பெரிய இடம். வயலைக் காப்பதே பாட்டாகிப்போன மண் இது: பண்டிப் பள்ளு பன்றியைப் பற்றியது, குருவிப் பள்ளு குருவியைப் பற்றியது.

முன்பு இதைவிடப் பெரிய இடம் ஒன்று இருந்தது. அது சூடு மிதிப்பு, வெட்டிய கதிரை மாட்டால் மிதிக்கவைத்து நெல்லைப் பிரிக்கும் வேலை. மாட்டை வளைத்து இரவிரவாக மிதிக்கும்போது நித்திரை வராமலிருக்கப் பாட்டும் கதையும் வேண்டியிருந்தன. களத்தில் நெல்லை நெல்லென்று சொல்லாமல் பொலி என்றார்கள். இப்போது வெட்டு மெசின் ஒரு பகலிலேயே வெட்டி அடித்து மூட்டையில் கட்டிவிடுகிறது. சூடு மிதிப்புக் கதையைக் கேட்க வந்தேன் என்று களத்தடியில் போய் நிற்க வேண்டாம், அது நடப்பதில்லை. மிதித்தவர்களை வீட்டில் தேடுங்கள்.

மற்ற மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பங்குனி, சித்திரையில் வெயில் கடுமை, ஆனால் அறுவடை முடிந்த ஆறுதல் இருக்கும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உறவினர் எல்லாரும் ஊருக்கு வருவார்கள். ஒரே முற்றத்தில் மூன்று தலைமுறையைக் காணலாம். ஆனி, ஆடியில் சோளகக் காற்று அடிக்கும், ஒலிப்பதிவு கெடும். ஆடிக் கடைசியில், ஆகஸ்ட் 15 மடுமாதா திருவிழாவுக்குப் போகிறவர்களோடு சேர்ந்து நடந்தால் வழிநெடுகக் கதை கிடைக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை கிரவல் வீதிகள் அறுபடும், எலிக்காய்ச்சல் வரும் காலம். அப்போது போகவே வேண்டாம்.

எந்த வழியில் தொடங்கலாம்?

முதல் பயணத்துக்கு மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியைப் பரிந்துரைக்கிறோம். ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் அதற்கு நான்கு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் ஒட்டுசுட்டான், அங்கே தான்தோன்றீஸ்வரர் கோயில். இரண்டாம் நாள் பக்கத்திலுள்ள கற்சிலைமடு. மூன்றாம் நாள் அடுத்தடுத்து இருக்கும் முள்ளியவளையும் தண்ணீரூற்றும். நான்காம் நாள் வற்றாப்பளை, நந்திக்கடல் ஓரம். ஒரு நாளைக்கு ஓர் ஊருக்கு மேல் வைத்தால் கதை கேட்க முடியாது. கதை சொல்பவர் முதல் சந்திப்பில் உங்களைப் பார்ப்பார், தேநீர் தருவார், எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று கேட்பார். இரண்டாம் தரம் போகும்போதுதான் கதை தொடங்கும். பின்னேரம் ஒருமுறை, மறுநாள் விடிய ஒருமுறை என்று இரண்டு சந்திப்புக்கு இடம் வையுங்கள்.

சைக்கிளா, மோட்டார் சைக்கிளா?

சைக்கிள். சைக்கிளில் வருபவரை வாசலில் நிற்பவர்கள் மறித்துப் பேசுவார்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர் ஏதோ ஒரு கந்தோர் அலுவலாக வந்தவர் என்று நினைத்து ஒதுங்குவார்கள்.

தார் வீதியில் மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றர், கிரவலில் 8 என்று கணக்கு வையுங்கள். ஒரு நாளைக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். கொண்டுபோக வேண்டியவை: மேலதிக ரியூப் ஒன்று, ஒட்டுப் போடும் சாமான், காற்றடிக்கும் பம்ப், நட்டுத் திருகும் சாவிகள், ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர். அடிக்கடி கெடுவது ரியூப்தான். உடைமுள்ளும் சூரைமுள்ளும் தரவையில் எங்கும் கிடக்கும். காற்றுப் போனதும் ஒட்டுப் போட்டுத் திரும்பப் பூட்டுகிறவர்கள், ரயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். முறிந்த முள் அங்கேயே நின்று அரை மணி நேரத்தில் மறுபடி குத்தும்.

தண்ணீரைக் கிணற்றில் அள்ளிக் குடிக்காமல் வடிகட்டிய நீர் விற்கும் இடங்களில் போத்தலை நிரப்புங்கள்.

காட்டுவழியில் எதற்குப் பயப்பட வேண்டும்?

யானைக்கு, பின்னேரம் ஐந்து மணிக்குப் பின்னும் காலை ஏழு மணிக்கு முன்னும். அந்த நேரத்தில் காட்டு வீதியில் நிற்காதபடி பயணத்தைத் திட்டமிடுங்கள். வீதியில் யானை நின்றால் நூறு மீற்றருக்கு அப்பாலேயே நில்லுங்கள். மணி அடிக்க வேண்டாம், வெளிச்சம் பாய்ச்ச வேண்டாம், படமெடுக்கக் கிட்டப்போக வேண்டாம். அது போகும்வரை காத்திருங்கள், அல்லது திரும்புங்கள்.

கரடியைப் பலர் நினைப்பதில்லை. வைகாசி முதல் ஆடி வரை பாலைப்பழக் காலம். பழம் தின்னக் கரடி பாலை மரத்தடிக்கும் வரும், மரத்திலும் ஏறும். பழம் பொறுக்க ஆசையென்றால் ஊரவர்களோடு, பகலில், சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். (பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டும், தேங்காயெண்ணெய் தடவினால் விடும். தின்னாமல் மட்டும் வந்துவிடாதீர்கள்.)

பாம்பு விடயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் நிலத்தில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும்; வலி அதிகம் இல்லாததால் கடிபட்டவர் மறுபடி நித்திரையாகிவிடுவார். ஆபத்து அங்கேதான். காவற்கொட்டிலில் தங்கினால் உயரமான பரணில் படுங்கள். நிலத்தில் பாய் போட்டால் நுளம்புவலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே சுற்றிவரச் செருகுங்கள். கடிபட்டால் வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் ஓரடிகூட உள்ளே வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஊரவர் நாளாந்தம் நடக்கும் பாதையை விட்டு இறங்க வேண்டாம். மாடு போன தடம் பாதுகாப்புக்குச் சான்றாகாது. மண்ணில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடாதீர்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம். தங்குமிடத்தைக் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு நகரங்களில் வைத்துக்கொண்டு பகலில் ஊர்களுக்குப் போய்வருவது வசதி. ஊரிலேயே தங்குவதென்றால் பெண்கள் இருக்கும் குடும்பம் ஒன்றோடு தங்குங்கள், ஜி.எஸ்ஸுக்கு (கிராம அலுவலருக்கு) முதல் நாளே அறிவியுங்கள். உண்மையில், கதை சேகரிப்பில் பெண்களுக்கு ஒரு பெரிய வழி திறந்திருக்கிறது. அடுப்படியிலும் கிணற்றடியிலும் சொல்லப்படும் கதைகள் ஆண்களுக்குக் கிடைப்பதே இல்லை.

முறிகண்டியில் இறங்க வேண்டுமா?

இறங்குங்கள். ஏ9 வீதியால் போகிறவர்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். காட்டுக்குள் நுழைய முன்னர் ஒரு தெய்வத்திடம் சொல்லிவிட்டுப் போகும் பழைய பயண ஒழுங்கை இன்னும் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் அது. கச்சானை மிச்சம் வையுங்கள். கதை கேட்கும் இடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

"நாட்டார் கதை தெரியுமா", "தேவதைக் கதை தெரியுமா" என்று கேட்டால் தெரியாது என்ற பதில்தான் வரும். அந்தச் சொற்கள் பள்ளிக்கூடத்துக்கு உரியவை. ராசா கதை, பேய்க்கதை, முனிக்கதை, நரிக்கதை என்று கேளுங்கள். அதைவிட நல்லது, கதையைக் கேட்காமல் ஆளைக் கேட்பது: "ஆச்சி, சின்னனிலை உங்களுக்கு ஆர் கதை சொல்லுறவை?" அம்மம்மாவின் முகம் நினைவுக்கு வந்தால் கதை தானே பின்னால் வரும்.

வயதானவரை அப்பு, ஐயா, ஆச்சி என்று அந்த வீட்டார் அழைப்பது போலவே அழையுங்கள். பெயர் சொல்லக் கூடாது. கதிரையில் இருத்தினாலும் அவர் திண்ணையில் இருந்தால் நீங்களும் திண்ணைக்கு இறங்குங்கள்.

இன்னொன்று: அவருக்கு ஒரு கதை நீங்கள் சொல்லுங்கள். பாதியில் மறந்த மாதிரி நிறுத்தவேண்டியதில்லை. முழுதாக, நன்றாகச் சொல்லுங்கள். "அது அப்பிடியில்லை மோனை" என்று அவர் திருத்தத் தொடங்கினால் போனைப் பதிவில் போடலாமா என்று கேளுங்கள்.

ஒலிப்பதிவு எப்படிச் செய்வது?

போன் போதும். விமானப் பயண நிலைக்கு மாற்றுங்கள். பதிவின் நடுவே அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு அறுந்துவிடும். சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிற், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 320 மெகாபைற் போகும். நான்கு நாளுக்கு 8 ஜிகாபைற் வெற்றிடம் தாராளம்.

போனை மடித்த துவாய் மேல், சொல்பவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். மேசைப் பலகையில் நேரே வைத்தால் அவர் தாளம் போடுவது இடியாக விழும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். முற்றத்தில் காற்று அடித்தால் சுத்தமான காலுறையை போனின் மைக் பக்கத்தில் போர்த்துங்கள், இரைச்சல் குறையும். தொடக்கத்தில் திகதி, ஊர், சொல்பவரின் சம்மதம் மூன்றையும் குரலாகவே பதியுங்கள். கோப்புப் பெயர் மாறிப்போனாலும் குரல் காப்பாற்றும். முடிந்த பின் உடனே நிறுத்தாதீர்கள். கதை முடிந்த இரண்டாம் நிமிடத்தில் "இதை எங்கடை அப்பு வேறை மாதிரிச் சொல்லுவார்" என்று தொடங்குவார்கள்.

"உம்" கொட்டுவதா, பேசாமல் இருப்பதா?

இது சின்னக் கேள்வி போல் தெரியும். பதிவைக் கெடுப்பதும் காப்பதும் இதுதான். "உம்" இல்லாவிட்டால் சொல்பவர் கதையைச் சுருக்கிவிடுவார். பல்லவி போல் திரும்பத் திரும்ப வரும் இடங்களை விழுங்கிவிடுவார். ஏழு கடல், ஏழு மலை, அதற்கப்பால் குகை, குகைக்குள் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர் என்று படிப்படியாகப் போகும் கதை, "அரக்கன்ரை உயிர் கிளியிலை இருந்ததாம், கொன்டுட்டாங்களாம்" என்று ஒரு வரியில் முடிந்துபோகும். நீங்களே "உம்" போட்டால் உங்கள் குரல் அவர் சொல்லின் மேல் விழும். ஆகவே வீட்டுப் பேரப்பிள்ளையை அவருக்குப் பக்கத்தில் இருத்துங்கள். பிள்ளையின் "உம்" தூரத்தில் மெல்லக் கேட்கும், அது கதையின் பகுதிதான். கதையும் பிள்ளைக்குச் சொல்லப்படும், மைக்குக்குச் சொல்லப்படாது.

எழுதும்போது பேச்சுமொழியைத் திருத்தலாமா?

முதல் படியில் ஒரு எழுத்தும் திருத்தக் கூடாது. ஒரு மணி நேரப் பதிவை எழுத ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும் என்று ஒதுக்குங்கள். "இருந்தினமாம்", "வந்தவையாம்", "போகேக்கை" எல்லாம் அப்படியே வரட்டும். மிக அதிகமாக நடக்கும் பிழை, வினையின் கடைசியில் வரும் "ஆம்" ஒலியை வெட்டுவது. "ஒரு கிழவனும் கிழவியும் இருந்தினமாம்" என்பதை "இருந்தனர்" என்று மாற்றினால் கதை செய்தியாகிவிடும். அந்த "ஆம்" நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்று ஒவ்வொரு வரியிலும் முன்னோரைக் கூட்டி வருகிறது.

மூன்று கோப்புகள் வைத்திருங்கள்: அவர் சொன்னது, உங்கள் குறிப்புகள், நீங்கள் புதிதாக எழுதுவது. மூன்றும் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. மூன்றாவதில் உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. ராசகுமாரியை ஆசிரியை ஆக்கலாம், முடிவை மாற்றலாம். ஆனால் அது இன்னாரின் கதையை வைத்து நான் எழுதியது என்று தலைப்பின் கீழேயே எழுதுங்கள்.

வற்றாப்பளை அம்மன் கதையைத் தேவதைக் கதையாக எழுதலாமா?

கூடாது. கிழவி வடிவில் நந்திக்கடலோரம் வந்த கண்ணகி, மாடு மேய்த்த சிறுவர்களிடம் பொங்கக் கேட்டு, எண்ணெய் இல்லையென்றபோது கடல்நீரில் விளக்கெரிக்கச் சொன்னதும், தலையில் பேன் பார்த்த பிள்ளை அங்கே கண்களைக் கண்டதும் அழகிய கதைகள்தான். ஆனால் சொல்பவருக்கு அது நடந்தது. இன்றும் வைகாசியில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த நீரில் விளக்கேற்றுகிறார்கள். ஐதிகம் என்று தனியாக எழுதி, சடங்கையும் சேர்த்துக் குறியுங்கள்.

வெள்ளையரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் கதையும் இப்படித்தான். 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் ட்றிபேர்க் அவனைத் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவில் வெள்ளையர் நாட்டிய கல்லின் வாசகம். ஊரவர் வேறு விதமாகச் சொல்வார்கள். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள், ஒன்றை வைத்து மற்றதைத் திருத்த வேண்டாம். காட்டு யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தையின் கதை ஒப்பாரியாக வாழ்கிறது. பாடச் சொல்லிக் கேட்க முன்னர் வீட்டில் அண்மையில் சாவு நடந்ததா என்று விசாரியுங்கள்.

மலையகத்திலிருந்து வந்தவர் சொன்ன கதை வன்னிக் கதையா?

ஆம். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத் தமிழர் பலர் வன்னியில் குடியேறினார்கள். குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தண்ணீரூற்றிலும் முசலியிலும் முஸ்லிம் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். கதையின் கீழே "ஆரிட்டைக் கேட்டது, அவர் எந்த ஊர்" என்ற ஒரு வரி எழுதினால் அந்தக் கதை நடந்து வந்த பாதை தெரியும்.

பேச்சு போருக்குத் திரும்பினால்?

நீங்களாகக் கேட்காதீர்கள். ராசகுமாரனை அரக்கன் கொண்டுபோன இடத்தில் ஒரு தாய் நின்றுவிடலாம். தன் மகனைச் சொல்லத் தொடங்கலாம். பதிவை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். பிறகு இருந்து கேளுங்கள், அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று எழும்பாதீர்கள். அவர் பதியச் சொன்னால் மட்டும் பதியுங்கள். வெளியிடுவதற்கு வேறொரு நாளில் திரும்பச் சம்மதம் கேளுங்கள்.

கதைக்குப் பணம் கொடுக்கலாமா?

வேண்டாம். சீனி, தேயிலை, பிஸ்கற், வயதானவர்களுக்கு வெற்றிலை பாக்கு. அவ்வளவு போதும்.

வேலையும் பிள்ளைகளும் உள்ளவர் இப்படி ஊர் ஊராகத் திரிய முடியுமா?

துணிந்து வாழ்வதென்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவது என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாத ஒரு வீட்டுப் படலையில் நின்று கூப்பிடுவதற்கே போதிய துணிச்சல் வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உங்கள் வீட்டிலிருந்து 25 கிலோமீற்றருக்குள் இருக்கும் ஒரு குளம், ஒரு குளத்தடி ஊர். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். "உம்" போட ஆள் தேவை. குளக்கட்டால் நடந்து, துருசடியில் (மதகடியில்) நின்று, குளத்து நீர் எட்டும் அலைகரைக்குச் சுற்றிப் போய்ப் பாருங்கள். ஒரு வருடத்தில் பன்னிரண்டு குளம் ஆகும். அதில் நான்கில் கதை கிடைத்தால் நல்ல வருடம்.

பதிவுகளை எங்கே வைப்பது? சொன்னவருக்கு என்ன கொடுப்பது?

மூன்று பிரதி, இரண்டு இடம். போனில் மட்டும் இருப்பது இல்லாததற்குச் சமன். குடும்பம் சம்மதித்தால் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தோடு தொடர்புகொள்ளலாம்.

சொன்னவருக்கு 18 புள்ளி எழுத்தில் அச்சிட்ட பிரதியைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள், பேரப்பிள்ளை வாசித்துக் காட்டக்கூடியதாக. ஒலிக்கோப்பை அந்த வீட்டு போனிலும் ஏற்றிவிடுங்கள். அடுத்த போகத்துக்குள் இதைச் செய்யுங்கள். வயதானவர்களிடம் கேட்ட கதை இது. அவர் காலமாகிவிட்டால், 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவு நூலில் அவர் சொன்ன கதையைச் சேர்க்க வீட்டார் விரும்பக்கூடும். அச்சகத்துக்குப் பத்து நாளாவது முன்னர் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே செய்தி கேட்டதும், அவர்கள் கேட்கும்வரை பார்த்திராமல், கதையைப் பிழை பார்த்து அனுப்பிவையுங்கள், "இருந்தினமாம்" எல்லாம் அப்படியே இருக்க.